சிவப்பு ஒயினுக்கு வயதானால்...

தொட்டியத்தில் எங்கள் பெரியப்பா வீட்டு மச்சில் ஒரு புட்டி சிவப்பு ஒயின் பதினான்கு ஆண்டுகள் இருந்தது. 2009-ஆம் ஆண்டு பெங்களூரில் அவர் பணி ஓய்வு பெற்றபோது, உடன் வேலை பார்த்தவர்கள் கொடுத்த அன்பளிப்பு அது. உயர்ந்த விலையுள்ளதன்று, முந்நூறு ரூபாய்க்குள் அடங்கும். பெரியப்பா குடிப்பவர் அல்லர். ஆனாலும் எறிய மனம் வரவில்லை. "இருக்கட்டும்டா, பழசாக ஆகத்தான் இதற்கு மதிப்பு" என்று சொல்லி, ஓட்டுக் கூரையின் அடியில், பித்தளை அண்டாக்களுக்குப் பின்னால் வைத்துவிட்டார். 2023 கோடை விடுமுறைக்கு நான் சென்றிருந்தபோது அதைக் கீழே இறக்கி என் முன் வைத்தார். "நீதான் பிசிக்ஸ் வாத்தியார் ஆயிற்றே. இப்போது இது என்ன விலை பெறும், சொல்."

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? பழைய ஒயின் சிறந்தது என்று கதைகளிலும் திரைப்படங்களிலும் கேட்டிருக்கிறோம். அது உண்மைதானா? உண்மையென்றால் எல்லா ஒயினுக்கும் பொருந்துமா? இக்கேள்விக்கு விடை காண மனிதனுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையில் நம் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு.

நிலத்தில் புதைத்த சாடி

மதுவை உடனே பருகாமல் முதிர வைக்கும் வழக்கம் நம் முன்னோர்க்குப் புதிதன்று. புறநானூற்றின் 120-ஆவது பாடலில், பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் கபிலர், நிலத்தில் புதைத்து முதிரச் செய்த மதுவைக் குறிப்பிடுகிறார். மலைவாழ் மக்கள் மூங்கில் குழாய்க்குள் தேன்மதுவை முதிர வைத்த செய்தி திருமுருகாற்றுப்படையில் உள்ளது.

ஏன் நிலத்தில் புதைக்க வேண்டும்? பகலில் சூடேறும் மண் இரவில் குளிர்கிறது. ஆனால் இந்த ஏற்ற இறக்கம் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. கீழே செல்லச் செல்ல வெப்ப அலை விரைவாகத் தேய்கிறது. சாதாரண மண்ணில் ஏறக்குறைய அரை மீட்டர் ஆழத்தில் பகல்-இரவு வேறுபாடு நூற்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். ஆகவே புதைத்த சாடி கோடை வெயிலை அறியாமல் ஒரே சீரான வெப்பநிலையில் இருந்தது. வெப்பக் கடத்தலின் கணக்கு தெரியாமலேயே அதன் பயனை அவர்கள் கண்டிருந்தார்கள்.

யவனர் கொண்டுவந்த மது

திராட்சை மது நமக்குக் கடல் வழியே வந்தது. புறநானூற்றின் 56-ஆவது பாடலில், பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மதுவைப் பற்றிப் பேசுகிறார். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழிக் கையேடு, முசிறித் துறைமுகத்தில் இறங்கிய பொருள்களில் சிறிதளவு மதுவையும் சேர்த்துச் சொல்கிறது. (இது தொட்டியத்துக்குக் கிழக்கே பேருந்தில் போகும் நம் முசிறியன்று, மேலைக் கடற்கரையில் இருந்த சேரர் துறைமுகம்.)

இலக்கியம் சொன்னதை மண்ணும் மெய்ப்பித்தது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, இரண்டு பிடிகளும் கூரிய அடியும் கொண்ட 'ஆம்போரா' சாடிகளின் சில்லுகள் கிடைத்தன. தொட்டியத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத கரூரிலும் அத்தகைய சில்லுகள் கிடைத்துள்ளன. எல்லாச் சாடியும் மதுச்சாடியன்று. எண்ணெயும் மீன்சாறும் கூட அவற்றில் வந்தன. அரிக்கமேட்டுச் சில்லுகளை ஆராய்ந்த எலிசபெத் வில் என்ற அமெரிக்க அறிஞர், கிரேக்கத்தின் காஸ் தீவு வகையைச் சேர்ந்த மதுச்சாடிகள் அவற்றில் மிகுதி என்று கண்டார்.

காஸ் தீவு மதுவில் கடல்நீர் கலப்பது வழக்கம். நமக்கு வியப்பாக இருக்கிறதல்லவா? உப்பு சேர்த்த மது நெடும்பயணத்தில் எளிதில் கெடவில்லை என்பது அக்கால அனுபவம். மண்சாடி நீரைக் கசியவிடும். காற்றையும் உள்ளே விடும். ஆகையால் மதுச்சாடிகளின் உட்புறத்தில் மரப்பிசினைப் பூசினார்கள். இவ்வளவு பாதுகாப்போடு எகிப்தின் செங்கடல் துறைகளிலிருந்து ஆடி மாத வாக்கில் புறப்பட்டு, தென்மேற்குப் பருவக்காற்றின் துணையால் அது நம் கரை சேர்ந்தது.

ரோமானியர் பழைய மதுவைப் போற்றியவர்கள். கி.மு. 121-ஆம் ஆண்டு விளைச்சல் அவர்களிடையே பெரும்புகழ் பெற்றது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து அதைப் பற்றி எழுதிய பிளினி, அது கசப்பேறிய தேன் போலக் கெட்டியாகிவிட்டதாகக் குறிப்பிடுகிறார். புகழ் வளர்ந்தது, மது மாறிப்போயிருந்தது.

பாஸ்டரின் கண்ணாடிக் குழாய்கள்

ரோமப் பேரரசு மறைந்தபின் பிசின் பூசிய சாடியும் வழக்கொழிந்தது. ஒயின் மரப்பீப்பாய்களில் இடம்பெற்றது. பீப்பாய் மது ஓராண்டுக்குள் புளிக்கத் தொடங்கும். எனவே இடைக்கால ஐரோப்பாவில் புது ஒயினுக்கே விலை அதிகம். புதிய விளைச்சல் வந்ததும் பழையதன் விலை சரியும். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நிலக்கரி உலைகளில் உறுதியான கண்ணாடிப் புட்டிகள் செய்யப்பட்டன. அவற்றை அடைக்கத் தக்கையும் கிடைத்தது. அதன் பின்னரே 'பழைய ஒயின்' மறுபடியும் பிறந்தது.

புட்டிக்குள் நடப்பது என்ன என்று முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர் லூயி பாஸ்டர். பிரெஞ்சு ஒயின் அடிக்கடி கெட்டுப்போவதைக் கண்ட பேரரசர் மூன்றாம் நெப்போலியன், 1863-இல் அதன் காரணத்தை அறியுமாறு அவரைக் கேட்டுக்கொண்டார். பாஸ்டர் ஒயினைக் கண்ணாடிக் குழாய்களில் இட்டு மூடினார். சிலவற்றைக் காற்றே இல்லாதபடி நிரப்பினார். சிலவற்றில் பாதி ஒயின், பாதி காற்று. காற்றில்லாத குழாயில் ஒயின் பெரிதும் மாறவில்லை. காற்றுள்ள குழாயிலோ நிறம் மங்கி, அடியில் மண்டி படிந்தது. ஒயினைப் புளிக்கவைத்துக் கெடுப்பவை நுண்ணுயிர்கள். அதை முதிரவைப்பது ஆக்சிஜன் என்று இரண்டையும் பிரித்துக் காட்டினார். 1866-இல் அவருடைய ஒயின் ஆய்வு நூல் வெளிவந்தது. இன்று பாலுக்கு நாம் செய்யும் 'பாஸ்டர் முறை'க்கும் இந்த ஒயின் ஆய்வே வித்து.

வாழைப்பழ மணமும் வாழைக்காய்க் கறையும்

அப்படியானால் ஆக்சிஜன் என்ன செய்கிறது? தொட்டியத்துக்காரர்களுக்கு இதை விளக்க வாழைத்தோட்டமே போதும்.

வாழைக்காயை நறுக்கி வைத்தால் சற்று நேரத்தில் கறுக்கிறது. காயிலுள்ள ஃபீனால் சேர்மங்கள், ஒரு நொதியின் துணையோடு, காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிவதே காரணம். நீரில் அல்லது மோரில் போட்டு இதைத் தடுக்கிறோம். திராட்சைத் தோலிலும் விதையிலும் இதே குடும்பத்து ஃபீனால்கள் ஏராளம். வாழைப்பூவில் நாம் உணரும் துவர்ப்பைப் போன்ற துவர்ப்பைத் தருபவை டானின்கள். சிவப்பு நிறத்தைத் தருபவை ஆந்தோசயனின்கள். ஒயினில், வினையூக்கியாக அமையும் நுண்ணளவு இரும்பின் துணையோடு, இவ்வினைகள் மிக மெதுவாக நடக்கின்றன.

புதிய ஒயின் ஊதா கலந்த சிவப்பு. நாளாக ஆக ஆந்தோசயனின் மூலக்கூறுகள் டானின்களோடு இணைந்து பெரிய மூலக்கூறுகளாகின்றன. நிறம் செங்கல் நிறத்தை நோக்கி நகர்கிறது. முதிர்ந்த ஒயினின் நிறம் இத்தகைய பெருமூலக்கூறுகளுடையதே என்பதை ஆஸ்திரேலிய வேதியியலாளர் சோமர்ஸ் 1971-இல் காட்டினார். மிகப் பெரியவை கரைந்திருக்க முடியாமல் மண்டியாகப் படிகின்றன. டானின்கள் ஒன்றோடொன்று சேர்வதும், அமிலத்தில் பிரிவதும் ஒருங்கே நடக்க, துவர்ப்பின் கூர்மை தணிகிறது.

மணத்திலும் மாறுதல் உண்டு. பழுத்த வாழைப்பழத்தின் மணத்துக்குக் காரணமான ஐசோ அமைல் அசிடேட் என்னும் எஸ்டர் புது ஒயினிலும் இருக்கிறது! ஒயினின் அமிலத்தில் நீரோடு வினைபுரிந்து, ஓரிரு ஆண்டுகளில் அது பெரும்பாலும் சிதைந்துவிடும். புதிய ஒயினின் பழ மணம் முதலில் விடைபெறுகிறது. அதன் இடத்தை நிரப்ப வேறு மணங்கள் உருவாகுமா என்பது ஒயினில் ஆரம்பத்தில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்தது.

வெப்பம் போடும் கணக்கு

தக்கை வழியே ஒரு புட்டிக்குள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன் நுழைகிறது எனக் கொள்வோம். காற்றோடு நன்கு கலந்த ஒயின், லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்துக்கொள்ளும். 750 மில்லிலிட்டர் புட்டிக்கு இது 6 மில்லிகிராம். அதாவது ஆறாண்டுகளில் சிறுகச் சிறுக நுழையும் ஆக்சிஜன், ஒயினைத் திறந்து குலுக்கினால் சில நிமிடங்களில் புகுந்துவிடும்.

அடுத்தது வெப்பநிலை. 1889-இல் அர்ரீனியஸ் வேதிவினை வேகத்துக்கும் வெப்பநிலைக்கும் உள்ள தொடர்பை வகுத்தார். வெப்பநிலை 10° செ. உயர்ந்தால் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது அதிலிருந்து கிடைக்கும் தோராய விதி. ஐரோப்பிய நிலவறை 13° செ.; நம் கோடை அறை 33° செ. வேறுபாடு 20° செ. எனவே வேகம் நான்கு மடங்கு. ஓட்டுக் கூரையின் அடியில் இன்னும் அதிகம். மேலும், பகலில் ஒயின் விரிந்து தக்கைக்கு அடியிலுள்ள காற்றை நெருக்குகிறது. இரவில் சுருங்கி வெளிக்காற்றை இழுக்கிறது. புட்டி மூச்சு விடுகிறது எனலாம். பறம்பு நாட்டார் சாடியைப் புதைத்ததன் அருமை இப்போது விளங்குகிறதல்லவா?

வெப்பத்தில் வைத்தால் சீக்கிரம் முதிர்ந்து நல்லதாகிவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். எல்லா வினைகளும் ஒரே விகிதத்தில் வேகம் பெறுவதில்லை. ஆகையால் சூட்டில் முதிர்ந்தது வேறொரு பண்டமாகிறது. மடீரா தீவின் ஒயின் கப்பலில் வெப்பமண்டலங்களைக் கடந்து இந்தியா வரை வந்து திரும்பியபோது சுவை கூடியிருந்ததாக வணிகர் கண்டனர். பின்னர் தீவிலேயே அதைச் சூடாக்கத் தொடங்கினர். ஆனால் அது சாராயம் கூட்டி வலுவேற்றப்பட்ட ஒயின். எல்லா ஒயினும் அதைத் தாங்காது.

யார் காத்திருக்கலாம்?

விலை குறைந்த சிவப்பு ஒயின், வாங்கியவுடன் அருந்தும்படி செய்யப்படுவது. தோலைச் சில நாள்களே ஊறவைப்பதால் டானின் குறைவு. பழ மணமே அதன் முதல். பாதுகாப்புக்குச் சேர்த்த கந்தக டைஆக்சைடு சிறிது சிறிதாகச் செலவாகித் தீர்ந்தபின், ஆக்சிஜனைத் தடுப்பார் இல்லை. ஓரிரு ஆண்டுகளில் அது தன் உச்சத்தைக் கடந்துவிடும். உலகில் செய்யப்படும் ஒயினில் பெரும்பகுதி இவ்வகைதான். டானினும் அமிலமும் செறிந்த சிறுபான்மை மட்டுமே குளிர்ந்த அறையில் பல ஆண்டுகள் காத்திருந்து பயன்பெறுகிறது. பழையது சிறந்தது என்ற பழமொழி அந்தச் சிறுபான்மையைப் பார்த்துப் பிறந்தது.

புட்டியைத் திறந்தோம். கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, வெள்ளைத்தாளின் முன் சாய்த்துப் பார்த்தேன். சிவப்பு போய்ப் பழுப்பு, ஓரத்தில் மஞ்சள். அடியில் கறுத்த மண்டி. அடிபட்ட ஆப்பிளின் வாடையோடு காடியின் நெடி. பெரியப்பா முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"பதினாலு வருஷம் காப்பாற்றி வைத்தேனேடா!"

"நீங்கள் காப்பாற்றினீர்கள் பெரியப்பா, மச்சு காப்பாற்றவில்லை" என்றேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு புட்டியைக் கொல்லையில் கவிழ்த்துவிட்டு, கழுவி, துடைத்து, அலமாரியில் வைத்தார். அதைக் கொடுத்தவர்களில் இருவர் இப்போது இல்லை. அந்த மதிப்பை அளக்க என்னிடம் கருவி இல்லை. ஒயினைப் பற்றி மட்டும் சொல்வேன்: அதன் வயதை ஆண்டுகள் கணக்கிடுவதில்லை, காற்றும் வெப்பமும் கணக்கிடுகின்றன.