ஏழாம் நாளும் ஐந்தாம் மாதமும்

செங்கீரைப் பருவத்தை வகுப்பிலே கற்பிக்கும்போதெல்லாம் பலகையில் ஒரு படம் வரைவேன். ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, கைகளை நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடும் ஐந்து மாதக் குழந்தை. படம் ஒருநாளும் சரியாக வந்ததில்லை. வீட்டிலே தம்பி தங்கை உள்ள மாணவருக்கு அது தேவைப்பட்டதுமில்லை.

மூன்றாம் மாதத்துக் காப்பு முதல் இருபத்தோராம் மாதத்துச் சிறுதேர் வரை, ஒற்றைப்பட்ட மாதங்களாய்ப் பத்துப் பருவங்களை எண்ணுவது ஆண்பாற் பிள்ளைத்தமிழ் மரபு. 12ஆம் நூற்றாண்டிலே ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனைப் பாடினார். பிற்காலத்து முஸ்லிம் புலவர்கள் அதே பருவங்களில் நபிகள் நாயகத்தைப் பாடினர். அம்புலிப் பருவம் அவர்களுக்கு அந்நியமாக இருந்திருக்காது. நபிகள் மதியை அழைத்த செய்திக்குச் சீறாப்புராணத்தில் ஒரு படலமே உண்டு.

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை வீடுகளிலோ கணக்கு நாட்களில் தொடங்குகிறது. பிறந்ததும் வலக்காதில் வாங்கு, இடக்காதில் இகாமத். ஏழாம் நாள் முடியிறக்கிப் பெயர் சூட்டுவர். முடியின் எடைக்கு வெள்ளியின் பெறுமதியைத் தருமஞ் செய்வர். வசதியுள்ளோர் அகீகா கொடுப்பர்: ஆணுக்கு இரண்டு ஆடு, பெண்ணுக்கு ஒன்று. பிறகு நாற்பது. இது முஸ்லிம்கள் வாழும் நாடெங்கும் அறிந்த கணக்கு.

ஆனால் இவை நடக்கும் வீடு யாருடையது, நேயர்களே? தமிழகத்திலே தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவர். இங்கே அவளை எங்கிருந்து அழைப்பது? தாய் சீதனமாகத் தந்த வீட்டிலேயே அவள் இருக்கிறாள். வந்து சேர்ந்தவன் கணவன். தகப்பன்வழியார்தாம் பிள்ளை பார்க்க வரும் விருந்தினர். அயலிலுள்ள தமிழர் வழக்கமும் இதுவே. பிள்ளையின் குடி தாயின் குடி. பள்ளிவாசலுக்குக் குடிவழியே மரைக்காயர் தெரிவான காலத்தில், பிள்ளைக்கு அங்கே ஓரிடம் தாயாலேயே அமைந்தது. பிறப்புச் சான்றிதழில் குடிக்கென்று ஒரு கட்டமில்லை.

ஆகவே பிள்ளை கவிழ்ந்ததையும் தவழ்ந்ததையும் பல் முளைத்ததையும் முதலில் கண்டு சொன்னவள் உம்மம்மா. ஏழையும் நாற்பதையும் மார்க்க நூல்கள் காத்தன. மாதக் கணக்கை யார் எழுதினார்? வித்துவான் வீ. சீ. கந்தையா 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' தந்தார். இக்கரையை எழுத வருவோர் அவருக்குக் கடன்பட்டவரே. எனினும் நாட்டுப்பாடல் தொகுத்தோரின் ஆர்வம் காதற் கவிகளிலேயே அதிகம் சென்றதென்பது என் எண்ணம். தாலாட்டு பின்தங்கிவிட்டது. இன்று கிளினிக் கொப்பியில் நிறையும் தடுப்பூசியும் பதிவாகின்றன. நல்லதே. பாட்டு அதிலே ஏறாது.

2004 டிசம்பர் 26இல் கடல் புகுந்தபோது இவ்வூர்களின் கரையோர வீதிகள் அழிந்தன. கைக்குழந்தைகளும் போயினர், பாடியவர்களும் போயினர்.

மாணவருக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். வீட்டில் மூத்தவளிடம் கேட்டு, பிள்ளை எந்த மாதத்தில் என்ன செய்தால் என்ன பாடுவாள் என்று எழுதிவர வேண்டும். இதுவரை நால்வர் கொண்டு வந்தனர். ஒருத்தியின் தாளில் பாட்டு பாதியில் நிற்கிறது. மிச்சம் பெரியம்மாவுக்குத் தெரியுமாம். வரும் வெள்ளிக்கிழமை கேட்டு வருவதாகச் சொன்னாள்.