கையடக்க மைன்கிராஃப்ட்: பிழைத்ததும் பிழைக்காததும்

தருமபுரி மாவட்டம் நல்லம்பள்ளி போன்ற ஊர்களில் ஒரு காலத்தில் 'வீடியோ கேம்' என்றால் திருவிழாக் கடையில் விற்ற பிரிக் கேம் கருவிதான். மேலே 9999 ஆட்டங்கள் என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது என்னவோ விரல் விட்டு எண்ணக்கூடியவைதான்! அதில் கட்டைகள் ஒரு வரிசை சேர்ந்தால் மறைந்துவிடும். வைத்த கட்டை வைத்த இடத்திலேயே நிற்கும் விளையாட்டு பிள்ளைகள் கைக்கு வந்தது பிற்பாடு. அதுதான் மைன்கிராஃப்ட்.

ஸ்வீடனைச் சேர்ந்த மார்க்கஸ் பெர்சன் 2009 மே மாதம் கணினிக்காக இதை வெளியிட்டார். மரம் வெட்டி, கல் உடைத்து, பொழுது சாய்வதற்குள் ஒரு குடிசையாவது கட்டிக்கொள்ள வேண்டும். இருட்டினால் பிணப்பேய்கள் வந்துவிடும்.

கையடக்கக் கருவிக்கு இது வந்தது 2011 ஆகஸ்டில். சோனி எரிக்சனின் எக்ஸ்பீரியா ப்ளே என்ற, பாதி செல்போனும் பாதி விளையாட்டுக் கருவியுமான ஒன்றில் 'பாக்கெட் எடிஷன்' என்ற பெயரில் வெளியானது. உண்மையில் அது அரைகுறைப் பதிப்பு. 36 வகைக் கட்டைகள், 256 கட்டை நீளம், அதே அகலம், அவ்வளவுதான் உலகம். பேயும் கிடையாது, சாவும் கிடையாது. பிழைத்திருக்கும் ஆட்டம் 2012இல்தான் சேர்ந்தது. கணினியில் ஆடியவர்கள் இதை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

விளையாட்டுக்கென்றே செய்த கருவிகளுக்கு முறையான பதிப்புகள் பின்னால் வந்தன. 2014 அக்டோபரில் சோனியின் பிளேஸ்டேஷன் வீட்டாவுக்கு ஸ்காட்லாந்தின் 4ஜே ஸ்டுடியோஸ் செய்து கொடுத்தது. 2017 செப்டம்பரில் நியூ நிண்டெண்டோ 3டிஎஸ் கருவிக்கு ஒன்று வந்தது. இந்த விளையாட்டில் ஒரு கட்டை ஒரு மீட்டர் கணக்கு. வீட்டாவின் உலகம் 864 கட்டை, 3டிஎஸ்ஸின் உலகம் 2016 கட்டை. அதாவது நல்லம்பள்ளியில் நடக்கத் தொடங்கினால் தருமபுரி பேருந்து நிலையத்தை எட்டும் முன்பே உலகம் முடிந்துவிடும்! கருவியின் நினைவகம் அவ்வளவுதான் தாங்கியது. செல்போன் பதிப்புக்கோ 2014 ஜூலையிலேயே எல்லையற்ற உலகம் கிடைத்துவிட்டது.

விலையையும் பார்க்க வேண்டும். 2012இல் இந்தியாவுக்கு வந்தபோது வீட்டாவின் விலை 19,990 ரூபாய். விளையாடுவதற்கு மட்டும் அவ்வளவு பணம் கொடுக்கும் வீடுகள் கிராமங்களில் எத்தனை? செல்போன் அப்படியல்ல, எப்படியும் வீட்டில் ஒன்று இருந்தது. 2016இல் ஜியோ வந்த பிறகு இணையமும் மலிந்தது.

வேடிக்கை என்னவென்றால், யாரும் மதிக்காத அந்தப் பாக்கெட் எடிஷன்தான் 2017 செப்டம்பரில் வெறும் 'மைன்கிராஃப்ட்' என்று பெயர் மாறி எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் போனது. 2018இல் நிண்டெண்டோ ஸ்விட்ச், 2019 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 4 என்று எல்லா வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. தம்பி அண்ணன்மார்களின் சொத்தையெல்லாம் எழுதி வாங்கிக்கொண்ட கதை!

வீட்டா பதிப்புக்கு 2018 டிசம்பரோடு பெரிய மேம்பாடுகள் நின்றன. ஆனாலும் அதில் கட்டியதை பிளேஸ்டேஷன் 4க்கு ஏற்றிக்கொள்ள வழி இருந்தது. பரிதாபம் 3டிஎஸ் பதிப்புதான். அதுவும் பாக்கெட் எடிஷனின் வழியில் பிறந்த பிள்ளையே. ஆனால் 2019 ஜனவரியோடு மேம்பாடு நின்றது, 2023 மார்ச்சில் இணையக் கடையும் மூடப்பட்டது. அதில் கட்டிய கோட்டையை வேறு கருவிக்குக் கொண்டுபோக நிறுவனம் எந்த வழியும் வைக்கவில்லை. மாதக்கணக்கில் ஒரு சிறுவன் கட்டியது, அந்தக் கருவி உயிரோடு இருக்கும் வரைதான்.

செல்போனில் ஆடுபவர்களுக்கும் முழு நிம்மதி இல்லை. உலகம் போனுக்குள்தான் சேமிக்கப்படுகிறது. இடம் போதவில்லை என்று வீட்டில் யாராவது விளையாட்டை நீக்கினால் பெரும்பாலும் அதுவும் சேர்ந்து போய்விடும். ஒவ்வொரு உலகத்தையும் தனிக் கோப்பாக வெளியே எடுத்து வைக்கும் வசதி அமைப்புகளுக்குள் இருக்கிறது. பிள்ளைகள் அதைத் தேடுவது பெரும்பாலும் உலகம் போன பிறகுதான்.