அறிவாற்றல் நடத்தை சிகிச்சை: செயல்படும் விதமும் பயன்பெறுவோரும்

மனச்சோர்வு, பதற்றக் கோளாறு போன்ற பாதிப்புகளுக்குத் தனியாகவோ மருந்துடன் சேர்த்தோ அளிக்கப்படும் பேச்சு சிகிச்சைகளில் முதன்மையானது ‘சிபிடி’ எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960-களில் இதற்கு அடித்தளமிட்டார்.

செயல்படும் விதம்

எண்ணம், உணர்வு, உடல்நிலை, நடத்தை ஆகியவை ஒன்றையொன்று பாதிக்கின்றன என்பதே இதன் அடிப்படை. மேலதிகாரி வணக்கத்துக்குப் பதில் கூறாமல் கடந்து சென்றால், ‘என் வேலை பறிபோகப் போகிறது’ என ஒருவர் முடிவுகட்டலாம். அச்சத்தால் அவர் உறக்கமிழக்கிறார், அதிகாரியைத் தவிர்க்கிறார். அதனால் உண்மையை அறியும் வாய்ப்பும் இல்லாமல் போகிறது, அச்சம் வளர்கிறது.

இச்சுழலை உடைப்பதே சிகிச்சையின் நோக்கம். அந்த எண்ணத்துக்கு ஆதாரம் உள்ளதா, வேறு காரணம் இருக்கக்கூடுமா எனச் சோதிக்க நோயாளி பயிற்றுவிக்கப்படுகிறார். அஞ்சித் தவிர்க்கும் சூழல்களைப் படிப்படியாக எதிர்கொள்ளவும் அவருக்கு வழிகாட்டப்படுகிறது. பொதுவாக 6 முதல் 20 அமர்வுகள் தேவைப்படும். அமர்வுகளுக்கு இடையே வீட்டில் செய்யும் பயிற்சிகளும் சிகிச்சையின் பகுதியே.

யாருக்கு உதவும்?

மனச்சோர்வு, பீதிக் கோளாறு, எண்ண சுழற்சி நோய், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்பு, நாள்பட்ட தூக்கமின்மை ஆகியவற்றுக்கு இது பலனளிக்கிறது. மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு உள்ளவர்களுக்கு மருந்தே அடிப்படை. இச்சிகிச்சை அதற்குத் துணை நிற்கும். வறுமை, குடும்ப வன்முறை போன்ற புறக் காரணங்களை எண்ணப் பயிற்சியால் மட்டும் தீர்க்க இயலாது.

கோவா காட்டிய வழி

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு உள்ளது. நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை.

பயிற்சி பெற்ற நிபுணர்களின் பற்றாக்குறை இதற்கு முக்கியக் காரணம். இதற்குத் தீர்வு உண்டு என்பதை கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடைபெற்ற ஆய்வு உணர்த்தியது. இச்சிகிச்சையுடன் நெருங்கிய தொடர்புடைய ‘நடத்தைத் தூண்டல்’ முறையை, மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர் ஆலோசகர்கள் பயிற்சி பெற்று 6 முதல் 8 அமர்வுகளில் வழங்கினர். மூன்று மாதங்களில் 64 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் இது 39 சதவீதம். 2017-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இம்முடிவுகள் வெளியாகின.

எங்கு அணுகுவது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவையோ, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரையோ அணுகலாம். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் 24 மணி நேரமும் கட்டணமின்றிச் செயல்படுகிறது. தற்கொலை எண்ணம் எழுந்தால் தாமதமின்றி இந்த எண்ணையோ அருகிலுள்ள மருத்துவமனையையோ நாட வேண்டும்.