தூத்துக்குடி உப்பு, திண்டுக்கல் கிணறு

தூத்துக்குடி உப்பளத்தில் வாரிக் குவிக்கும் உப்பெல்லாம் சமையலுக்குப் போவதில்லை. ஒரு பங்கு தோல் வியாபாரிகளிடம் மூட்டை மூட்டையாகப் போய் இறங்குகிறது. ஆட்டை உரித்துச் சில மணி நேரமானாலே தோல் அழுகத் தொடங்கிவிடும். அதனால் சதைப்புறம் மேலே தெரிய விரித்து, உப்பை அள்ளி அப்பித் தேய்ப்பார்கள். பச்சைத் தோலின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் உப்பு இதற்கே செலவாகும். ஈரத்தை உப்பு இழுத்துக்கொள்ள, தோல் விறைத்து, மடித்து அடுக்கத் தோதாகிவிடும். அப்படித்தான் அது லாரி ஏறித் திண்டுக்கல்லுக்கு வருகிறது.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டுக் கப்பலேற்றிய தொழில் மரபு நம்முடையது. திண்டுக்கல்லில் பல தலைமுறைகள் இதில் சோறு தின்றிருக்கின்றன. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் தோல் ஷாப்பில், அதாவது பதனிடும் ஆலையில், நடக்கும் முதல் வேலையே உப்பைக் கழுவுவதுதான். ஊறல் தொட்டியில் தோலைப் போட்டு, தண்ணீர் மாற்றி மாற்றி அலசுவார்கள். முடியும் கொழுப்பும் சுண்ணாம்பும் அதற்குப் பின்னால் வரும் கழிவு. முடியையும் கொழுப்பையும் நுண்ணுயிரிகள் ஓரளவு தின்றுவிடும், சுண்ணாம்பைப் படிய வைத்து எடுத்துவிடலாம். உப்பைத் தின்ன எந்த நுண்ணுயிரியும் இல்லை. காற்றூட்டும் தொட்டி, வண்டல் தொட்டி எல்லாவற்றையும் தாண்டி, உள்ளே போன அளவிலேயே வெளியே வந்துவிடும்.

வெளியே வந்த உப்புநீர் ஓடையிலும் காலி நிலத்திலும் தேங்கியது. திண்டுக்கல் சமவெளிக்கு அடியில் இருப்பது கடினப் பாறை. மேல் மண்ணில் இறங்கிய உப்பு பாறை வெடிப்புகளுக்குள் புகுந்து, அதே வெடிப்புகளில் ஊற்றெடுக்கும் கிணறுகளுக்கு வந்து சேர்ந்தது. மழைக் காலத்தில் குடகனாறு கொஞ்சத்தை அமராவதிப் பக்கம் கொண்டுபோகும். வறண்ட மாதங்களில் அது நகர வழியில்லை.

தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் முறை எளிமையானது. தண்ணீரை வடிகட்டி, எடை பார்த்த கிண்ணத்தில் ஊற்றி, முழுக்க வற்றும்வரை சூடாக்குவார்கள். அடியில் வெள்ளையாக ஒட்டியிருப்பதோடு சேர்த்து மறுபடி எடை போட்டால் கணக்கு முடிந்தது. மொத்தக் கரைந்த திடப்பொருள், அதாவது டிடிஎஸ், இதுதான். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை இருக்கலாம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அலுமினியப் பாத்திரத்தில் உலை வைக்கும் பெண்களுக்கு ஆய்வுக்கூடம்கூட வேண்டியதில்லை. பாத்திரத்தின் அடியிலேயே அந்த வெள்ளை தெரிந்துவிடும்.

பீஸ் மெம்பர்ஸ் என்ற தன்னார்வ அமைப்பு திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 ஊர்களைச் சுற்றிக் கிணறுகளை எண்ணியது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன. அந்தக் கணக்கு தில்லிவரை போனது. பாலாற்றுப் பக்கத் தோல் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில், திண்டுக்கல் கிணறுகளும் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்து நின்றன.

சண்டை அங்கே ஒரு எண்ணைப் பற்றி மூண்டது. கழிவுநீரில் டிடிஎஸ் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அந்த அளவு நியாயமற்றது என்றார்கள் தோல் தொழிலதிபர்கள். அவர்கள் பிடித்துக்கொள்ள ஓர் இடைவெளியும் இருந்தது: இதற்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் திட்டவட்டமான அளவு எதையும் வகுக்கவில்லை. 1996 ஏப்ரல் 9 அன்று நீதிமன்றம் நாகபுரியிலுள்ள நீரி எனும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேள்வியை ஒப்படைத்தது. அந்தந்த இடத்தின் நிலைமையைப் பார்த்து அளவை வகுக்க வேண்டியது மாநில வாரியம்தான், அது வகுத்த அளவு சரியே என்று ஜூன் 11 தேதியிட்ட அறிக்கையில் நீரி பதில் சொன்னது.

இந்த இரண்டு மாத வேலைக்கு முன்னால் பத்தாண்டுகளுக்கு மேல் போயிருந்தன. சுத்திகரிப்பு நிலையம் கட்டுங்கள் என்று அரசும் வாரியமும் கேட்டுக்கொண்டே இருந்தன. அத்தனை காலமும் ஆலைகள் ஓடின, கிணறுகளுக்குள் உப்பு இறங்கியது. அளவைப் பற்றி வாதம் செய்வதில் தவறில்லை, அறிவியல் வளர்வதே அப்படித்தான். வாதம் முடியும்வரை தொட்டியைத் திறந்துவிடலாம் என்பதுதான் அநியாயம்.

ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு வழங்கிய தீர்ப்பு அந்த அநியாயத்தின் வேரைத் தொட்டது. நாட்டின் பதனிட்ட தோல் ஏற்றுமதியில் ஏறத்தாழ 80 சதவீதம் தமிழ்நாட்டுடையது என்பதை அது மறைக்கவில்லை. ஆனால் மீளமுடியாத கேடு நேரும் என்ற நிலையில், அறிவியல் முழு உறுதி தரவில்லை என்பதைக் காட்டி நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்றது. 1992இல் ரியோ மாநாட்டில் உலக நாடுகள் ஒப்புக்கொண்ட கொள்கை இது. கெடுதல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் தொழில் நடத்துபவருடையது என்றானது. கிணறு கெட்டவன் ஆய்வறிக்கையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டிய நிலை சட்டத்தின் கண்ணில் அன்றோடு முடிந்தது. திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். நவம்பர் 30க்குள் சுத்திகரிப்பு வசதி வேண்டும்.

நிலத்தடியில் ஏற்கெனவே இறங்கிவிட்ட உப்பைத் தீர்ப்பு தொட முடியாது. ஐதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் மேல் குடகனாற்றுப் படுகையைக் கணினி மாதிரியில் வைத்துப் பார்த்தார்கள். மாசு இறங்குவதை அப்போதே பாதியாகக் குறைத்தாலும், 20 ஆண்டு கழித்தும் நிலத்தடி நீரின் டிடிஎஸ் அப்போதிருந்ததில் பாதிக்குக் கீழே வராது என்பது அவர்கள் கண்ட முடிவு. தொட்டியைத் திறந்துவிட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் அடுத்த தலைமுறைதான் வட்டி கட்டுகிறது.

இப்போது தோல் ஆலைக் கழிவில் உப்பைப் பிடிக்கும் வழி எதிர் சவ்வூடு பரவலும் ஆவியாக்கிகளும். தண்ணீர் திரும்பக் கிடைக்கிறது. பிடிபட்ட உப்பில் ஏகப்பட்டது கலந்திருக்கிறது. சமையலுக்கு ஆகாது, மறுபடி தோலில் அப்பவும் எளிதில் உதவாது. மழை படாத கொட்டகையில் மூட்டை கட்டி வைத்திருப்பார்கள். கொட்டகை ஒழுகினால் அதே பாறை வெடிப்புக்குத்தான் போகும்.

உப்பைத் தொடக்கத்திலேயே குறைக்க வழி இருக்கிறது. ஆடு அறுக்கும் இடத்திலேயே தோலைக் குளிரூட்டலாம், பச்சையாகவே ஆலைக்குக் கொண்டுபோகலாம், ஊறப் போடுமுன் உப்பை உதறி எடுக்கலாம். சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் குறைந்த உப்பில் பதப்படுத்துவதைப் பற்றி ஆய்வுகள் செய்திருக்கிறது. அரசு மானியம் கொட்டகைக்குப் போவதைவிட, தோல் உரிக்கும் இடத்துக் குளிர்பதன அறைக்குப் போகட்டும். கூடவே ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் அந்த ஊர்க் கிணறுகளின் டிடிஎஸ் அளவை மாதாமாதம் எழுதிப்போடட்டும், தேதியோடு.