அண்ணாமலைச் சரிவும் அடிவாரத் தெருக்களும்

திருவண்ணாமலையில் மலை ஊரைவிட்டுத் தள்ளி நிற்கவில்லை. கோயிலின் மேற்கு வாசலான பேகோபுரத்தைத் தாண்டிச் சில தெருக்கள் நடந்தால் சரிவு தொடங்கிவிடுகிறது. 800 மீட்டருக்குச் சற்றே கூடுதலாக உயர்ந்த அந்த மலையில் விழும் மழைதான் ஓடைகளில் இறங்கி அடிவாரக் குளங்களையும் கிணறுகளையும் நிரப்புகிறது. அதனால் ஊரை மீட்க நினைத்தவர்கள் மலையிலிருந்தே தொடங்கினார்கள்.

பொதுக்காரியத்தை ஊரார் தோளில் சுமப்பது இங்கே பழைய வழக்கம். வடக்குக் கோபுரத்துக்கு அம்மணி அம்மன் பெயர் நிலைத்ததே அப்படித்தான். செங்கம் பக்கத்துச் சென்னசமுத்திரத்தில் பிறந்த அந்தப் பெண் துறவி, பாதியில் நின்ற கோபுரத்தை வீடு வீடாகப் பொருள் திரட்டிக் கட்டி முடித்தார் என்பது ஊர் சொல்லும் வரலாறு.

1980களில் மலை ஏறக்குறைய மொட்டையாகிவிட்டது. விறகுக்காக வெட்டியது பாதி, மேய்ச்சலும் கோடைத் தீயும் மீதி. மரமில்லாத சரிவில் மழை நிற்காமல் மண்ணை அரித்துக்கொண்டு ஓடியது. 1987இல் ஊரில் தங்கியிருந்த ஆஸ்திரேலியப் பெண் துறவி ஒருவர், அந்நாட்டுச் சூழலியலாளர் ஜான் சீடுக்கு உதவி கேட்டு எழுதினார். மறு ஆண்டு ‘அண்ணாமலை ரீஃபாரஸ்டேஷன் சொசைட்டி’ உருவானது. ஆஸ்திரேலிய அரசின் உதவித்தொகையும் வந்தது. கோயில் மதில்களுக்கிடையே புதர் மண்டிக் கிடந்த இடம் நாற்றங்காலாயிற்று. பணம் வெளியிலிருந்து வந்தாலும் உழைப்பு உள்ளூருடையது. விதை சேகரிப்பு, நாற்று வளர்ப்பு, மண்ணரிப்புத் தடுப்பு ஆகியவற்றில் சுற்றுவட்டாரத்து மக்கள் நூற்றுக்கணக்கில் பயிற்சி பெற்றார்கள்.

பின்னர் வந்த ‘தி ஃபாரஸ்ட் வே’ அறக்கட்டளை, வேகமாக வளரும் வெளிநாட்டு மரங்களை விட்டுவிட்டு, இந்த மண்ணுக்குரிய காட்டு மரங்களையே நட்டது. நடுவதைவிடக் காப்பதுதான் கடினம். மலையில் ஆளுயரம் வளரும் புல் கோடையில் சருகாகிவிடும். ஒரு தீப்பொறி போதும், பல ஆண்டு உழைப்பு ஒரே இரவில் போய்விடும். அதனால் வெயில் ஏறுவதற்கு முன்பே சரிவின் குறுக்கே புல்லை அறுத்து, தரை தெரியும்படி தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள். அதையும் மீறித் தீ பரவினால், பச்சைக் கிளைகளோடு மேலே ஓடி அடித்து அணைப்பதைத் தவிர வேறு வழியில்லை. இன்று சரிவில் நிற்கும் பசுமையில் நட்டவர்களின் பங்கைவிட, தீயோடு மல்லுக்கட்டியவர்களின் பங்கு பெரிது.

14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் நிழலுக்கும் வாதாட வேண்டியிருந்தது. 2016இல் பாதையை அகலப்படுத்த மரங்கள் வெட்டப்பட்டபோது எதிர்ப்பு கிளம்பியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது.

மரம் மட்டும் போதாது என்பதை ஃபெஞ்சல் புயல் காட்டியது. 2024 டிசம்பர் 1 அன்று மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் பாறையும் சேறும் சரிந்து வீட்டின்மேல் விழுந்ததில் ஏழு பேர் இறந்தனர். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த ஆண்டு கார்த்திகை தீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதி கிடைக்கவில்லை. சரிவில் வீடு கட்டியவர்களில் பலர் கீழே மனை வாங்க வழியில்லாதவர்கள். அவர்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது நியாயமாகாது. மாற்று இடமும் வேலைக்குப் போய்வர வசதியும் கிடைத்தால்தான் அவர்களால் கீழே இறங்க முடியும்.