கொல்லங்குடி கருப்பாயி: 60 வயதில் சினிமாவுக்கு வந்த குரல், நாட்டுப்புறப் பாட்டு யாருக்குச் சொந்தம்?

ஈஜிபுராவில் ரூம் எடுத்துத் தங்கி, மேம்பால வேலையால் ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் தினமும் ஆபீஸ் போய்வருபவரா நீங்கள்? அந்த நேரத்தில் காதில் ஓடும் பாட்டுகளில் ஒன்றாவது நாட்டுப்புற மெட்டாக இருக்கும். ரீமிக்ஸ் செய்தவர் பெயர் ஸ்கிரீனில் தெரியும், லேபிள் பெயரும் தெரியும். முதலில் பாடிய அந்தப் பாட்டியின் பெயர் மட்டும் பெரும்பாலும் இருக்காது.

ஏன் இப்படி? கொல்லங்குடி கருப்பாயியின் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் விஷயம் எளிதாகப் புரியும்.

யார் இந்தக் கருப்பாயி?

சிவகங்கை மாவட்டம், காளையார்கோவில் பக்கம் உள்ள ஊர் கொல்லங்குடி. வெட்டுடையார் காளி கோயில் என்றால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். கருப்பாயியின் பெயருக்கு முன்னால் கடைசிவரை நின்றது இந்த ஊரின் பெயர்தான். 2025 ஜூன் 14-ம் தேதி அவர் காலமானபோது வயது 99 என்று செய்திகள் கூறின.

கிராமத்தில் பாட்டு என்பது தனித் தொழில் இல்லை. நடவு நடும்போது ஒரு பாட்டு, பிள்ளையைத் தூங்கவைக்க ஒரு பாட்டு, கும்மிக்கு ஒன்று, சாவு வீட்டில் ஒப்பாரி. ஸ்வரம் எழுதிவைத்த நோட்டு கிடையாது. கேட்டுக் கேட்டுத்தான் மனசில் ஏறணும். இடத்துக்குத் தகுந்த மாதிரி அங்கேயே வரி கட்டிப் பாடவும் தெரியணும். கருப்பாயி அப்படி வந்தவர்.

வானொலி என்ன செய்தது?

சினிமாவுக்கு முன்பே அவரை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியவைத்தது அகில இந்திய வானொலி. கிராமிய இசை நிகழ்ச்சிகளில் அவர் தொடர்ந்து பாடினார். வயக்காட்டில் பத்துப் பேர் கேட்ட குரல், ரேடியோ வழியாகப் பல மாவட்டங்களுக்குப் போனது.

ஒரு வானொலி நிலையம் எவ்வளவு பெரிய வேலையைச் செய்யும் என்பதற்குக் குர்து மக்களின் கதை நல்ல உதாரணம். கதைகளையும் வரலாற்றையும் பாடியே காப்பாற்றும் பாடகர்களை அவர்கள் ‘தெங்பேஜ்’ என்பார்கள். துருக்கியில் குர்து மொழிக்குப் பல கட்டுப்பாடுகள் இருந்தன. 1983-ல் அந்த மொழியில் பாட்டு வெளியிடவே சட்டம் தடை போட்டது. 1991-ல்தான் அது நீங்கியது. சிவான் பெர்வர் என்ற புகழ்பெற்ற பாடகர் 1976-லேயே நாட்டைவிட்டு வெளியேறினார். அவரது கேசட்டுகள் ரகசியமாகக் கைமாறின. பக்கத்து சோவியத் ஆர்மீனியாவில், யெரெவான் வானொலி 1955-ல் தொடங்கிய குர்து மொழி ஒலிபரப்பைத்தான் எல்லை தாண்டியிருந்த மக்கள் காதுகொடுத்துக் கேட்டார்கள்.

நம் ஊரில் அப்படித் தடை எதுவும் இல்லை. நாட்டுப்புறப் பாட்டைக் கொண்டாடத்தான் செய்தோம். ஆனால் பாடியவருக்கு என்ன உரிமை என்று நீண்ட காலம் யாரும் கேட்கவில்லை.

சினிமா எப்படி வந்தது?

இயக்குநர் பாண்டியராஜன் தன் இரண்டாவது படமான ‘ஆண்பாவம்’ (1985) எடுத்தபோது, வானொலியில் பாடிக்கொண்டிருந்த கருப்பாயியைப் பாட்டி வேடத்துக்குக் கொண்டுவந்தார். இளையராஜா இசையமைத்த அந்தப் படத்தில் அவர் நடித்தார், பாடவும் செய்தார். செய்திகள் சொன்ன வயதை வைத்துக் கணக்குப் போட்டால், அப்போது அவருக்குக் கிட்டத்தட்ட 60. உங்கள் ஆபீஸில் அது ரிட்டயர் ஆகும் வயசு!

படம் பெரிய வெற்றி. பிறகு ‘ஆயுசு நூறு’, ‘கோபாலா கோபாலா’ போன்ற படங்களிலும் நடித்தார். 1993-ல் தமிழக அரசின் கலைமாமணி விருது கிடைத்தது.

பாட்டு யாருடையது? சட்டம் என்ன சொல்லுது?

ஒரே பாட்டுக்குள் மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. இதைப் பிரித்துப் பார்த்தால்தான் குழப்பம் தீரும்.

1. வரியும் மெட்டும்: தலைமுறை தலைமுறையாக வரும் பாட்டுக்கு எழுதியவர் யார் என்றே தெரியாது. அதற்கு யாரும் பதிப்புரிமை கோர முடியாது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பாடலாம். பாட்டி தானே கட்டிய பாட்டு என்றால் கதை வேறு: வாழ்நாள் முழுவதும், இறந்த பிறகு 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. ஆனால் அவர் கட்டியதுதான் என்று நிரூபிக்க எழுத்தில் எதுவும் இருக்காது.

2. ஒலிப்பதிவு: பதிவு செய்து வெளியிட்ட தயாரிப்பாளருக்கு 60 ஆண்டு உரிமை.

3. குரல்: பாடியவருக்கு உள்ள ‘நிகழ்த்துநர் உரிமை’. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் முதலில் இது இல்லவே இல்லை. 1994 திருத்தத்தில்தான் வந்தது. 1999-ல் அதன் காலம் 25 ஆண்டிலிருந்து 50 ஆண்டாக உயர்ந்தது. வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டியும், ‘பாடியது நான்’ என்று பெயர் கோரும் உரிமையும் 2012 திருத்தத்தில் கிடைத்தன.

இப்போது தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘ஆண்பாவம்’ வந்தது 1985-ல். குரலுக்கு ஓர் உரிமை உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்டதே அதற்கு 9 ஆண்டு கழித்து. மைக் வைத்தவரைச் சட்டம் முதலில் பார்த்தது. பாடியவரைப் பிறகுதான் பார்த்தது.

இன்று நிலைமை மாறியிருக்கிறதா?

ஓரளவு. அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் பாடகி நஞ்சியம்மா, ‘அய்யப்பனும் கோஷியும்’ (2020) என்ற மலையாளப் படத்தில் தன் மொழியில் பாடினார். 2022-ல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி அவர்தான். முறையாக சங்கீதம் படிக்காதவருக்கு இந்த விருதா என்று கேள்வி எழுப்பியவர்களும் உண்டு; அவர் பக்கம் நின்றவர்கள் அதைவிட அதிகம்.

ஆனால் புகழ் வந்தால் பணமும் வரும் என்று சொல்லிவிட முடியாது. ‘தூள்’ (2003) படத்தில் பாடி நடித்து வீட்டுக்கு வீடு தெரிந்தவர் பரவை முனியம்மா. உடல்நலம் குன்றிக் கஷ்டப்படுகிறார் என்று 2015-ல் செய்தி வந்த பிறகுதான் அரசின் நிதியுதவியும் திரைக்கலைஞர்களின் உதவியும் வந்தன. 2020 மார்ச் 29-ல், ஊரடங்கின் முதல் வாரத்தில், அவர் காலமானார். உதவியைக் குறை சொல்லவில்லை. ஆனால் உதவி என்பது கொடுப்பவர் மனசைப் பொறுத்தது. ராயல்டி என்பது உரிமை. இரண்டும் ஒன்றில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

பகிரும்போது: பாடியவர் பெயரையும் ஊரையும் தேடிப் போடுங்கள். தெரியாவிட்டால் கமென்டில் கேளுங்கள்.

அபார்ட்மென்ட் பொங்கலுக்குக் குழுவை அழைக்கும்போது: சம்பளம், பஸ் செலவு, சாப்பாடு மட்டும் பேசினால் போதாது. வீடியோ எடுப்பீர்களா, யூடியூபில் போடுவீர்களா, அதற்குத் தனித் தொகை உண்டா என்பதையும் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஊரில் தெரிந்த கலைஞர் இருந்தால்: தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். விண்ணப்பம் நிரப்புவதுதான் பலருக்கும் தடை. உங்களுக்கு அது அரைமணி நேர வேலை.

வீட்டில்: அடுத்த வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் பஸ் ஏறி ஊருக்குப் போனால், ஃபேனை நிறுத்திவிட்டு அப்பத்தாவையோ அம்மாச்சியையோ பாடச் சொல்லி போனில் பதியுங்கள். யாருக்கும் அனுப்பும் முன் அவரிடம் சம்மதம் கேளுங்கள். ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது அவர் பெயர், ஊர், தேதி, எந்தச் சமயத்தில் பாடும் பாட்டு என்ற நாலு விவரமும் இருக்கட்டும். பிற்பாடு அந்தப் பாட்டு எங்கே போனாலும், யார் பாடியது என்பதற்கு அதுதான் முதல் சாட்சி.