காலியா, பிஸியா? - மெயில் சர்வருக்குள் ஒளிந்திருந்த ஒரு பெட்டியின் வரலாறு

கோபிசெட்டிபாளையத்தில் ஆவணி முகூர்த்தத்துக்கு மண்டபம் தேடி அலைந்தவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகவே தெரியும். மண்டப ஆபீஸில் மேஜை மேல் ஒரு தடித்த டைரி இருக்கும். "ஏனுங்க, ஆவணி கடைசி முகூர்த்தம் காலியா இருக்குதுங்களா?" என்று கேட்டால், மேனேஜர் நாலு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, "அன்னைக்கு இல்லீங்க. அதுக்கு முந்தின முகூர்த்தம் வேணும்னா இருக்குதுங்க" என்பார். அன்றைக்கு யார் வீட்டுக் கல்யாணம், எவ்வளவு அட்வான்ஸ் என்றெல்லாம் அவர் சொல்ல மாட்டார். கேட்டவருக்கும் அது தேவையில்லை. வேண்டியது ஒரே ஒரு விவரம்தான்: அந்த நாள் காலியா, இல்லையா?

ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் இதே விஷயத்துக்கு "ஃப்ரீ/பிஸி" என்று பெயர். ஒருவருடைய காலண்டரில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் காட்டாமல், அந்த நேரத்தில் அவர் காலியாக இருக்கிறாரா என்பதை மட்டும் காட்டுவது. கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் மெயில் சர்வரை மாற்றிய மறுநாள் காலையில் முதலில் உடைவது பெரும்பாலும் இதுதான்! மெயில் போகும், மெயில் வரும், எல்லாம் சரியாக இருக்கும். மீட்டிங் போடப் போனால் மட்டும் எதிராளியின் பெயருக்கு நேராகச் சாய்வுக் கோடுகள் போட்ட பட்டை ஒன்று வந்து நிற்கும். "விவரம் இல்லை" என்று அர்த்தம்.

ஏன் இப்படி? பதில் தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஒரே டைரி இருந்த காலம்

1981ல் ஐபிஎம் நிறுவனம் ப்ராஃப்ஸ் என்ற ஆபீஸ் மென்பொருளை விற்பனைக்குக் கொண்டு வந்தது. மெயில், காலண்டர் எல்லாம் அதில் சேர்ந்தே இருந்தன. அது மெயின்ஃப்ரேம் காலம். எல்லோரும் ஒரே பெரிய கம்ப்யூட்டரில்தான் வேலை செய்தார்கள், ஆளுக்கு ஒரு டெர்மினல் வைத்துக்கொண்டு. ஆகவே எல்லோருடைய காலண்டரும் ஒரே இடத்தில் இருந்தது. மண்டபத்து டைரி மாதிரி.

பிறகு பெர்சனல் கம்ப்யூட்டர் வந்தது. ஒவ்வொருவர் மேஜையிலும் ஒரு மெஷின், அதற்குள் அவரவர் காலண்டர். இப்போது பக்கத்து சீட்காரர் வியாழக்கிழமை மூன்று மணிக்குக் காலியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மைக்ரோசாஃப்ட் 1992ல் ஷெட்யூல் ப்ளஸ் என்ற மென்பொருளை வெளியிட்டது. 1996ல் எக்ஸ்சேஞ்ச் சர்வர் வந்தது. வெளியுலகுக்கு அதுதான் முதல் பதிப்பு, ஆனால் எண் என்னவோ 4.0! அடுத்த வருடமே, 1997ல், அவுட்லுக் வந்து ஷெட்யூல் ப்ளஸ்ஸின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஒளிந்திருந்த பெட்டி

எக்ஸ்சேஞ்ச் இந்தச் சிக்கலுக்குக் கண்டுபிடித்த வழி இது. காலண்டர் அவரவர் மெயில் பாக்ஸுக்குள்ளேயே இருக்கும். ஆனால் அவுட்லுக் அதிலிருந்து "இந்த நேரம் பிஸி" என்ற சுருக்கத்தை மட்டும் எடுத்து, சர்வரில் உள்ள ஒரு பொது ஃபோல்டரில் பிரதி ஒன்றைப் போட்டு வைக்கும். மற்றவர்கள் கேட்டால் அந்தப் பிரதியைத்தான் பார்ப்பார்கள். அசல் காலண்டரை யாரும் தொடுவதில்லை.

அந்த ஃபோல்டரின் பெயர் "ஷெட்யூல் ப்ளஸ் ஃப்ரீ பிஸி". ஷெட்யூல் ப்ளஸ் மறைந்து பல வருடங்கள் ஆன பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. சாதாரண ஆட்களின் கண்ணுக்கு அது தெரியாது. சர்வரைக் கவனித்துக்கொள்ளும் அட்மினுக்குக்கூட, தேடிப் போனால்தான் தெரியும்.

பிரதியை எழுதுவது சர்வர் அல்ல, அவரவர் மெஷினில் ஓடும் அவுட்லுக். வழக்கமான அமைப்பில் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை, அதுவும் 2 மாதத்துக்கான விவரத்தை மட்டும் எழுதும். அதற்கு அப்பால் உள்ள நாட்களுக்கு விவரமே இருக்காது. ஆக, பார்ப்பவருக்குக் கிடைப்பது ஒரு பழைய ஜெராக்ஸ். பெரும்பாலும் சரியாக இருக்கும். சில நேரம் இருக்காது.

இதே காலத்தில் வெளியுலகத்துக்கும் ஒரு பொது மொழி தேவைப்பட்டது. 1998 நவம்பரில் ஐகாலண்டர் என்ற தரநிலை, ஆர்.எஃப்.சி 2445 என்ற எண்ணில் வெளியானது. அதை எழுதிய இருவரில் ஒருவர் லோட்டஸ் நிறுவனத்தின் ஃப்ராங்க் டாசன், இன்னொருவர் மைக்ரோசாஃப்டின் டெரிக் ஸ்டெனர்சன். சந்தையில் அடித்துக்கொண்டிருந்த இரண்டு கம்பெனிகள், ஒரே காகிதத்தில்! "காலி/பிஸி" விவரத்துக்கென்றே அதில் ஒரு தனிப் பகுதி உண்டு. 2009ல் ஆர்.எஃப்.சி 5545 அதன் இடத்துக்கு வந்தது.

2007: புது வாய்க்கால்

எக்ஸ்சேஞ்ச் 2007ல் மைக்ரோசாஃப்ட் மொத்த முறையையும் மாற்றியது. இனி பிரதி வேண்டாம், கேட்கிறபோது சர்வரே நேராக அசல் காலண்டரைப் பார்த்துப் பதில் சொல்லும். இதற்கு அவெய்லபிலிட்டி சர்வீஸ் என்று பெயர். அந்தச் சர்வீஸ் எந்த முகவரியில் இருக்கிறது என்பதை அவுட்லுக்குக்குச் சொல்ல ஆட்டோடிஸ்கவர் என்று இன்னொன்று.

நல்ல மாற்றம்தான். ஆனால் ஒரு கொக்கி இருந்தது. புது முறையில் கேட்கத் தெரிந்தது அவுட்லுக் 2007க்கும் அதற்குப் பிறகு வந்தவற்றுக்கும்தான். அவுட்லுக் 2003 வைத்திருப்பவர்கள் பழையபடி அந்த ஒளிந்திருந்த பெட்டியைத்தான் தேடுவார்கள். ஒரே ஆபீஸில் இரண்டு முறையும் அருகருகே ஓட வேண்டியதாயிற்று.

கோபிப் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிய கதை அல்ல. கொடிவேரி அணைக்கட்டிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பழைய பாசனம். 1955ல் பவானிசாகர் அணை கட்டி முடிந்து, கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் நீளத்துக்கு வந்தது. புதுசு வந்ததால் பழசை மூடிவிடவில்லை. இரண்டுக்கும் அதே அணைத் தண்ணீர்தான். கீழ்பவானியிலேயே ஒரு முறை ஒற்றைப்படை மதகு, அடுத்த முறை இரட்டைப்படை மதகு என்று பிரித்துத்தான் விடுகிறார்கள். யாருக்கு எந்தத் தேதியில் தண்ணீர் என்பது தெளிவாக இல்லாவிட்டால் நாற்று காயும், சண்டை வரும்.

சர்வர் மாற்றத்திலும் இதே கதைதான். புது சர்வருக்கு எல்லோருடைய மெயில் பாக்ஸையும் மாற்றியாயிற்று, பழைய சர்வரைக் கழற்றிவிடலாம் என்று அட்மின் நினைப்பார். அந்தப் பெட்டியின் பிரதியைப் புது சர்வருக்குக் கொண்டு வராமல் பழையதை நிறுத்தினால், அவுட்லுக் 2003 வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் சாய்வுக் கோடுதான்!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எக்ஸ்சேஞ்ச் 2007 நிறுவும்போது தனக்கென்று ஒரு புது நிர்வாகக் குழுவை உருவாக்கிக்கொள்ளும். அதன் பெயரில் எஃப்-ஒய்-டி-ஐ-பி-ஓ-எச்-எஃப்-2-3-எஸ்-பி-டி-எல்-டி என்று ஒரு விசித்திரமான எழுத்து வரிசை வரும். வைரஸோ என்று பயந்தவர்களும் உண்டு. ஒவ்வோர் எழுத்தையும் எண்ணையும் ஒரு படி பின்னால் தள்ளிப் படித்தால், "எக்ஸ்சேஞ்ச் 12 ராக்ஸ்" என்று வரும். உருவாகிக்கொண்டிருந்தபோது எக்ஸ்சேஞ்ச் 2007க்கு வைத்திருந்த பெயர் "எக்ஸ்சேஞ்ச் 12". மென்பொருள் எழுதியவர்களின் குறும்பு! ஆனால் இந்தப் புதுக் குழுவுக்கென்று ஒளிந்திருக்கும் பெட்டியும் தனியாக ஒன்று உண்டு என்பது குறும்பு அல்ல. அதை மறந்த அட்மின்கள் சிரமப்பட்டார்கள்.

கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

சாய்வுக் கோடு வந்தவுடன் சர்வரை ரீஸ்டார்ட் செய்வது எளிது, பலன் குறைவு. கேட்க வேண்டிய முதல் கேள்வி: யாருக்கு, யாருடைய விவரம் தெரியவில்லை? மொத்தம் நாலு வகைதான்.

பழைய அவுட்லுக்கிலிருந்து பழைய சர்வரில் இருப்பவரைப் பார்த்தாலும், புது சர்வரில் இருப்பவரைப் பார்த்தாலும், தேடும் இடம் பொது ஃபோல்டர்தான். இங்கே கோளாறு என்றால் பிரதி இல்லை அல்லது பழசாகிவிட்டது. புது அவுட்லுக்கிலிருந்து புது சர்வரில் இருப்பவரைப் பார்த்தால் நேராக அசல் காலண்டர். புது அவுட்லுக்கிலிருந்து பழைய சர்வரில் இருப்பவரைப் பார்த்தால், அவெய்லபிலிட்டி சர்வீஸ் அவர் சார்பில் பழைய பொது ஃபோல்டருக்குப் போய்க் கேட்டு வரும்.

இரண்டாவது கேள்வி: பிரவுசர் வழியாக மெயிலைத் திறந்து பார்த்தால் தெரிகிறதா? அங்கே தெரிந்து அவுட்லுக்கில் மட்டும் தெரியவில்லை என்றால், சர்வீஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அவுட்லுக்குக்கு வழி தெரியவில்லை. ஆட்டோடிஸ்கவர் தப்பான முகவரி கொடுக்கிறது, அல்லது பாதுகாப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரும் சர்வரின் பெயரும் ஒத்துப்போகவில்லை. "வெளியூரில் இருக்கிறேன்" என்று தானாகப் பதில் அனுப்பும் வசதியும் அதே நேரத்தில் வேலை செய்யவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். இரண்டும் அதே வழியில் போகிறவை.

மூன்றாவது: ஒரே ஒருவருடைய விவரம் மட்டும் தெரியவில்லையா? அவருடைய காலண்டரின் அனுமதியைப் பார்க்க வேண்டும். புது முறையில் அசல் காலண்டரைப் படிப்பதால் அதன் அனுமதி செல்லுபடியாகும். "எல்லோருக்கும்" என்ற இடத்தில் "எதுவும் இல்லை" என்று இருந்தால் கோடுதான் வரும்.

தெரியாததும், தப்பாகத் தெரிவதும்

சாய்வுக் கோடு எரிச்சல் தரும், ஆனால் அது நேர்மையானது. தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறது. அதைவிட மோசம், தப்பான விவரத்தைத் தைரியமாகக் காட்டுவது.

இதற்கு உதாரணம் அதே 2007ல் கிடைத்தது. அமெரிக்கா தன் கோடைகால நேர மாற்றத்தை முன்னால் நகர்த்தியது. வழக்கமாக ஏப்ரல் முதல் ஞாயிறு மாற வேண்டிய கடிகாரம், அந்த வருடம் மார்ச் 11ஆம் தேதியே மாறியது. பழைய விதியை மட்டும் தெரிந்து வைத்திருந்த காலண்டர்கள் ஏப்ரல் 1 வரை ஒரு மணி நேரம் தப்பாகக் காட்டும். மைக்ரோசாஃப்ட் விண்டோஸ், அவுட்லுக், எக்ஸ்சேஞ்ச் எல்லாவற்றுக்கும் திருத்தங்கள் வெளியிட வேண்டியிருந்தது.

இந்தியாவில் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் குளிர்காலத்தில் இங்கே இரவு 7.30, கோடையில் மாலை 6.30. சென்னையிலும் பெங்களூரிலும் கோவையிலும் அமெரிக்க கம்பெனிகளுக்கு வேலை செய்பவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் கடைசி பஸ், பிள்ளையின் டியூஷன், வீட்டுச் சாப்பாடு. காலண்டர் "காலி" என்று சொன்னதை நம்பித்தான் இன்னொரு கண்டத்தில் ஒருவர் மீட்டிங் போடுகிறார். தப்பு மெஷினுடையது, இழந்த நேரம் மனிதருடையது.

கதை முடியவில்லை

எக்ஸ்சேஞ்ச் 2013ல் அவுட்லுக் 2003க்கு இடமில்லாமல் போனது. 2014 ஏப்ரலில் எக்ஸ்சேஞ்ச் 2003க்கான ஆதரவும் முடிந்தது. அத்துடன் ஒளிந்திருந்த பெட்டியின் காலம் கிட்டத்தட்ட முடிந்தது. ஆனால் சர்வர் மாற்றங்கள் முடியவில்லை. எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவு நின்றது.

அதே 2025ல் நம் நாட்டிலும் ஒரு பெரிய மாற்றம் பேசப்பட்டது. மத்திய அரசின் தேசிய தகவல் மையம் நடத்தி வந்த மெயில், தமிழ்நாட்டிலிருந்து வளர்ந்த ஜோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாறியது. சுமார் 12 லட்சம் ஊழியர்களின் மெயில் என்று செய்திகள் வந்தன. இத்தனை பெரிய மாற்றத்தில் கடிதங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. யார் எப்போது காலி என்ற சின்ன விவரமும் கூடவே போக வேண்டும்.

மண்டபத்துக்காரர்கள் இதைச் சரியாகவே செய்கிறார்கள். புது வருடத்துக்குப் புது டைரி வாங்கினால், ஏற்கனவே அட்வான்ஸ் வாங்கிய தேதிகளை முதலில் அதில் எழுதிக்கொள்வார்கள். பழைய டைரியில் எழுதியிருக்கும் கடைசிக் கல்யாணம் முடிகிற வரைக்கும் அதை மேஜை டிராயரிலேயே வைத்திருப்பார்கள். சர்வர் மாற்றுகிறவர்களுக்கும் அதுதான் வழி. கடைசி ஆள் பழைய பெட்டியைத் தேடுவதை நிறுத்திய பிறகே பழைய சர்வரின் பவர் ஒயரைப் பிடுங்க வேண்டும்.